ஸ்மியீவ்கா கிராமத்தின் மக்கள்தொகை: எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

கேள்வி:

உக்ரைனின் கெர்சான் மாகாணத்தில், தினேப்பர் ஆற்றின் வலக்கரையில் உள்ள ஸ்மியீவ்கா என்ற கிராமத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்வீடியர்கள் குடியேறிய ஊர் என்று ஓரிடத்திலும், ஜெர்மானியர் ஊர் என்று வேறோரிடத்திலும் காண்கிறேன். மக்கள்தொகையோ 1783இல் 135 என்றும், 1929இல் ஏறத்தாழ 900 பேர் வெளியேறினர் என்றும், அதன் பின்னும் அங்கே ஸ்வீடியர்கள் வாழ்ந்தனர் என்றும் வருகிறது. இவற்றை ஒரே அட்டவணையில் அடுக்குவது சரியாகுமா?

மறுமொழி 1:

அடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் அந்த எண்கள் ஒரே ஊரைக் குறிப்பன அல்ல. இன்றைய ஸ்மியீவ்காவில் நான்கு பழைய ஊர்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஸ்வீடியர்களின் காமல்ஸ்வென்ஸ்க்பி; 'பழைய ஸ்வீடிய ஊர்' என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அருகே ஜெர்மானியர்கள் அமைத்த ஷ்லாங்கென்டோர்ஃப், மியூல்ஹவுசென்டோர்ஃப், க்ளோஸ்டர்டோர்ஃப் ஆகியவை மற்ற மூன்று. ஷ்லாங்கென்டோர்ஃப் என்றால் பாம்பூர். ஸ்மியீவ்கா என்ற உக்ரைனியப் பெயரிலும் இருப்பது அதே பாம்புதான்.

135 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லாமல் அதை எழுதிவிடாதீர்கள். இன்றைய எஸ்டோனியாவைச் சேர்ந்த, ஸ்வீடிய மொழியில் தாகோ எனப்படும் தீவில் நிலப்பிரபுவோடு நெடுங்காலம் உரிமைக்காகப் போராடிய ஸ்வீடிய உழவர்கள், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் ஆட்சியில் தெற்கே நிலம் தரப்படும் என்ற உறுதியை நம்பிப் புறப்பட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் நடந்தே வந்த அந்த நெடும்பயணத்தில் பாதிப் பேர் வழியிலேயே மாண்டனர். 1780களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்தவர்களுக்கோ, வாக்களிக்கப்பட்ட வீடுகள் காத்திருக்கவில்லை; நோய் தொடர்ந்தது. 1783இல் எஞ்சியவர்களின் கணக்கே அந்த 135. என்னைப் பொறுத்தவரை, அதை ஓர் ஊரின் தொடக்க மக்கள்தொகை என்று மட்டும் குறிப்பது இறந்தவர்களை மறைப்பதாகும்.

மறுமொழி 2:

1929க்குப் பிந்தைய நிலையையும் விளக்க வேண்டும். அவ்வாண்டு கோடையில் ஏறத்தாழ 900 பேர் ஸ்வீடனுக்குப் புறப்பட்டு, ஆகஸ்டு 1 அன்று ட்ரெல்லெபோரி துறைமுகத்தில் இறங்கினர். பலர் பின்னர் காட்லாந்து தீவில் குடியமர்ந்தனர். சிலர் கனடாவுக்குச் சென்றனர். ஆனால் ஏறத்தாழ 250 பேர் ஓரிரு ஆண்டுகளுக்குள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பினர். அவர்களுக்காக அமைந்த கூட்டுப்பண்ணைக்கு 'செஞ்ஸ்வீடிய ஊர்' என்ற பொருளில் ரியோட் ஸ்வென்ஸ்க்பி என்று பெயரிடப்பட்டது. திரும்பியவர்கள் மிக விரைவிலேயே 1932–33ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தையும், அதன்பின் 1937–38இன் அடக்குமுறையையும் எதிர்கொண்டார்கள்.

போரின்போது, 1943இல், பின்வாங்கிய ஜெர்மன் படையோடு ஊரார் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் அங்கிருந்து ஸ்வீடனை அடைந்தனர். சோவியத் படையிடம் சிக்கியவர்கள் வடக்கே கோமி பகுதியின் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, 1947இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. அதற்குள் வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் குடியிருந்தனர். ஆகவே போருக்குப் பிந்தைய மொத்த மக்கள்தொகையில் ஸ்வீடியர்கள் சிறுபான்மையினரே. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் தீவின் வட்டார வழக்கைக் காத்துவந்த அவர்களுள் அதைச் சரளமாகப் பேசியோர் அண்மைக் காலத்தில் முதியவர்கள் மட்டுமே. 2008இல் ஸ்வீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் இவ்வூருக்கு வந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3:

இன்றைய எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விடுதலை பெற்ற உக்ரைனில் நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001 டிசம்பரில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. கிராம அளவில் இணையத்தில் காணும் எண்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருபவை. 2022இல் ரஷ்யப் படையின் ஆக்கிரமிப்புக்கு உள்ளான இப்பகுதி அவ்வாண்டு நவம்பரில் மீட்கப்பட்டது. ஆனால் ஆற்றின் எதிர்க்கரை ரஷ்யப் படையிடமே இருந்ததால் கரையோர ஊர்கள் தாக்குதலுக்கு உட்பட்டே இருந்தன, மக்களும் பெருமளவில் வெளியேறினர். எனவே 2001 என்ற ஆண்டை எண்ணுக்கு அருகிலேயே குறிப்பிடுங்கள். 'தற்போதைய மக்கள்தொகை' என்ற தலைப்பின்கீழ் அதை இடாதீர்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அட்டவணையை நீக்கிவிட்டு, நான்கு ஊர்களையும் தனித்தனியே விளக்கி, ஒவ்வோர் எண்ணும் யாரைக் குறிக்கிறது என்பதை அந்தந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.