பின் ஆக்சிலைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தபோது கண்டவை

பழையவண்டி:
லீஃப் ஸ்பிரிங் வைத்த காரின் பின் ஆக்சிலைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, வீட்டுப் பட்டறையில் ஸ்டாண்டில் ஏற்றியிருந்தேன். சுரண்டல், மண்ணெண்ணெய், கிரைண்டரில் வயர் பிரஷ் எல்லாம் முடிந்து, பிரைமருக்கு முன் பிரேக் கிளீனரால் துடைத்தபோது, ஸ்பிரிங் உட்காரும் தகட்டின் வெல்டிங் ஓரத்தில் முடியளவு கருங்கோடு ஒன்று தெரிந்தது. துடைத்தால் மறைந்தது; சற்று நேரத்தில் ஈரம் கசிந்து அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவிட்டேன். வெள்ளைப் பூச்சின் நடுவே எண்ணெய்க் கறை கோடாக ஊறி வந்தது. விரிசல், ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் சுவரைத் துளைத்து உள்ளே வரை போயிருக்கிறது. துடைக்காமல் பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை. அடுத்தது வெல்டிங்தான்.

கிரீஸ்கை:
நான் வாங்கிய ஆக்சில் பளபளப்பான கறுப்புப் பூச்சுடன் வந்தது. ஓட்டத் தொடங்கியதும் பின் பிரேக் டிரம்முக்குள் கியர் ஆயில் கசிந்தது. ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான ஆயில் சீல் மாற்றியும் நிற்கவில்லை. ஹவுசிங்கின் மேலிருக்கும் பிரீதர் துளையை, அதாவது உள்காற்று வெளியேறும் சிறு துளையை, பெயின்ட் அடைத்திருந்தது. வண்டி ஓடிச் சூடாக இருந்தபோது அதை ஊசியால் குத்தினேன். அடைபட்ட காற்று உஸ்ஸென்று சீறியது. சூட்டில் விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அது ஆயிலைத்தான் ஆயில் சீல் தாண்டித் தள்ளும். புதுச் சீல் என்ன செய்யும்?

ஸ்பேனர்14:
துருவை எடுக்க மணலைப் பீய்ச்சியடிக்கும் மணல் வீச்சுக்குப் போய் வந்த ஓர் ஆக்சிலின் பேரிங்கைக் கையால் சுற்றியபோது, உள்ளே புகுந்த மணல் நறநறவென்று எழுப்பிய சத்தம் என் காதிலேயே இருக்கிறது. அதனால் வயர் பிரஷ்தான் சரி.

பழையவண்டி அவர்களே, வெல்டிங்குக்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஒரு துளி மிஞ்சியிருந்தாலும், வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயுவாக மாறக்கூடும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வெல்டிங் மின்சாரம் திரும்பிச் செல்லும் எர்த் கிளாம்பை விரிசலுக்கு அருகிலேயே மாட்டுங்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதன் உருளைகளில் குழி விழும். ஓரிடத்திலேயே சூடு ஏற்றினால் ஹவுசிங்கின் குழாய் வளையும் என்பதால், அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, பிறகு நேராக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். துருவை வேதிமுறையில் மாற்றும் திரவமான துருமாற்றியைப் பூசினால், அதன் அமிலத்தைக் கழுவி உலர்த்தாமல் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டாம். பிடிப்பு போய் உரிந்துவிடும். பழைய டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கருப்புபிரைமர்:
ஸ்பேனர்14 சொல்வதை நான் ஏற்கவில்லை. பேரிங்குகளையும் சீல்களையும் கழற்றி, வெறும் ஹவுசிங்கின் வாய்களை நன்கு அடைத்து அனுப்பி, வந்ததும் உள்ளே கழுவினால் மணல் வீச்சில் தவறே இல்லை. துருக்குழியின் அடிவரை வயர் பிரஷ் போகாது. துருவைப் பளபளப்பாக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

என்னை உறுத்துவது வேறு. பெயின்ட் அடித்த ஓர் ஆக்சிலில், சற்றுத் தூரம் ஓடியபின் சக்கர நட்டுகள் கைவிரலாலேயே சுழன்றன. சக்கரம் உட்காரும் முகத்தில் தடிமனாகப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு நசுங்கியதும் இறுக்கம் போய்விட்டது. அந்த முகத்தையும் நட்டு அமரும் இடங்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் ஸ்பிரேயைக் கையில் எடுக்க வேண்டும்.