முத்துவின் பல்: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன், எங்கள் முயல் முத்து கேரட்டை வாய்வரை கொண்டுபோய்க் கீழே போட்டுவிடுகிறான், தாடையெல்லாம் எச்சில் ஈரம், கீழ்ப்பல் இரண்டும் நீட்டிக்கொண்டு மேலுதட்டைக் குத்துகிறது என்று. நகவெட்டியால் வெட்டிவிடச் சிலர் சொன்னீர்கள். நல்லவேளை, செய்யவில்லை.

கூடையில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். வெட்டினால் பல் நெடுக விரிசல் விட்டு வேர்வரை போகலாம், சீழ் கட்டலாம் என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்து, சுழலும் சின்னக் கருவியால் ராவித்தான் குறைத்தார்கள். கடைவாய்ப் பல்லிலும் ஊசி மாதிரி ஒரு முனை நாக்கைக் கிழித்திருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அன்று ராத்திரி எதையும் தொடவில்லை. முயல் சாப்பிடாமல் கிடந்தால் குடலே நின்றுவிடும், அதனால் டாக்டர் சொன்னபடி குச்சித் தீவனத்தை (அரைத்துச் சின்னக் குச்சிபோல் அழுத்திய தீவனம்) ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா எழுப்பி, "புழுக்கை போட்டுட்டான்டா" என்றார். சின்னதாக நாலைந்து உருண்டைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முயலுக்கு 28 பல், அத்தனையும் ஆயுசு முழுக்க வளரும். தவிடும் குச்சித் தீவனமுமாகவே போட்டது என் தப்பு, கடைவாய்க்கு அரைக்க வேலையே இல்லை. இப்போது மருந்து அடிக்காத வரப்பாகப் பார்த்து அருகம்புல் அறுத்து, நிழலில் உலர்த்தி, எந்நேரமும் வைக்கிறோம். ஆனால் முன்பல் பிறவியிலேயே கோணல், புல்லால் சரியாகாது. சில வாரத்துக்கு ஒருமுறை ராவ வேண்டும், இல்லையென்றால் முன்பற்களை எடுத்தேவிடலாம் என்கிறார் டாக்டர். யோசித்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த தடவை பொங்கல் கழித்துப் போகிறோம்.