இச்சி மரத்தில் பார்த்தது எந்தச் சின்னான்?

அமிர்தி வாசி:
போன ஞாயிறு காலை ஜவ்வாது மலையில் ஒரு பாறைச் சரிவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கீழே ஓடையோரம்தான் பசுமை. மேலே உசிலை, வெப்பாலை எல்லாம் மாசி வெயிலில் இலை உதிர்த்து நிற்கின்றன. பாறை வெடிப்பில் வேர் இறக்கிய ஓர் இச்சி மரம் மட்டும் பழுத்திருந்தது. அதில் கொண்டையில்லாத இரண்டு சின்னான்கள் (புல்புல் பறவைகள்). தலை மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். படம் எடுப்பதற்குள் இலைக்குள் போய்விட்டன. என் வீட்டு வேலியில் வெண்புருவச் சின்னானைத் தினமும் பார்க்கிறேன். இது அதுவா, இல்லை மஞ்சள்தொண்டைச் சின்னானா? இரண்டு நாளாக இதே நினைப்பு.

ஒடுகத்தூர்க்காரன்:
வாலடி மஞ்சளை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது இரண்டுக்கும் உண்டு. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருந்ததா? இருந்தால் உங்கள் வேலிப் பறவைதான். மஞ்சள்தொண்டைக்குக் கோடு கிடையாது. தொண்டை பளிச்சென்று மஞ்சள், நெஞ்சு சாம்பல், வால் நுனி வெளிறியிருக்கும்.

அமிர்தி வாசி:
கோடு இல்லை, அது நிச்சயம். ஒன்று எதிர்ப் பாறைக்குப் பறந்தபோது வால் நுனி வெளிறித் தெரிந்தது. தொண்டையைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

மலையடிவாரம்:
தம்பி, நீங்கள் சொல்லும் இடமே பாதி பதில். பெரும்பாறைகள், நடுவே முட்புதர், வெடிப்பில் ஓர் இச்சி: மஞ்சள்தொண்டை வாழ்வது இப்படிப்பட்ட சரிவுகளில்தான். வெண்புருவம் நம் தோட்டத்துக்கே வந்துவிடும், இது வராது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அந்தக் குன்றுகளையே கல் குவாரிக்கு உடைக்கிறார்கள் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. பாறை போனால் இச்சியும் போய்விடும், அப்புறம் இது எங்கே போகும்?
ஒரு வேண்டுகோள். அதன் குரலைச் செல்போனில் போட்டு வரவழைக்காதீர்கள், இடத்தையும் பொதுவில் எழுதாதீர்கள். பழம் இருக்கும்வரை அதே மரத்துக்கு வரும். அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

அமிர்தி வாசி:
சரிங்க ஐயா, குரல் போட மாட்டேன். மரத்தில் இன்னும் பாதி காய் பழுக்கவில்லை. வனத்துறையில் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வரும் ஞாயிறு விடியும்முன் அதே பாறைக்கு எதிரே இருப்பேன். இந்த முறை தொண்டையைத்தான் முதலில் பார்ப்பேன்.