உள்ளூர் உரிமம் இல்லாமல் தரவுப் பாதுகாப்புப் பணியில் சேரலாமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

புதுவரவு: அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் எட்டு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்த நான், கணவரின் வேலை காரணமாக இங்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. ஒரு மென்பொருள் நிறுவனம் ‘சட்ட ஆலோசகர் மற்றும் தரவுப் பாதுகாப்பு அலுவலர்’ என்று பணி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. உள்ளூர் உரிமம் இல்லாமல் கையொப்பமிட்டால் குற்றமாகிவிடுமோ என்று இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை.

டொராண்டோவிலிருந்து: கையொப்பமிடாதீர்கள், அம்மா. முதலில், வெளிநாட்டுச் சட்டப் படிப்பைக் கனடாவில் எடைபோடும் என்சிஏ அமைப்பின் மதிப்பீடு, பிறகு அவர்கள் சொல்லும் தேர்வுகள், அதன் பின் மாகாண உரிமம் என்பதே வரிசை. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வர வேண்டும் என்பதால், அதற்குக் காத்திருந்த ஏழு மாதங்களும் நான் கிடங்கில் இரவுப்பணி பார்த்தேன்.

டப்ளின்வாசி: அண்ணன் சொல்வது இங்கு பொருந்தாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 37ஆம் பிரிவு துறை அறிவைத்தான் கேட்கிறதே தவிர, வழக்கறிஞர் உரிமத்தை அல்ல, தயங்காமல் சேருங்கள். நான் சேர்ந்த முதல் வாரம், வெள்ளிக்கிழமை மாலையில் ஒருவர் எக்செல் கோப்பொன்றை வெளியாள் ஒருவருக்குத் தவறுதலாக அனுப்பிவிட்டார். அதில் மறைத்து வைத்திருந்த நெடுவரிசையை விரித்தபோது ஊழியர்களின் மருத்துவ விடுப்புக் காரணங்கள் வரிசையாக நின்றன. கசிவு தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், சனியும் ஞாயிறும் அதில் சேர்த்தி. அந்த இரண்டு நாளும் என்னிடம் யாரும் உரிமம் கேட்கவில்லை.

பழைய உறுப்பினர்: உரிமம் இருந்தாலும் மதிக்கிறார்களா? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டிலிருந்து வந்த என்னிடம், நேர்காணலில், ‘உங்கள் ஊரில் இதற்கெல்லாம் சட்டம் உண்டா?’ என்று கேட்டார்கள்.

டொராண்டோவிலிருந்து: உண்மை. பத்தாண்டு அனுபவத்தை எனக்குச் சுழியமாகத்தான் கணக்கிட்டார்கள்.

பர்மிங்காம் அக்கா: சகோதரி எந்த நாட்டில் இருக்கிறார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே?

புதுவரவு: மன்னிக்கவும் அக்கா, இங்கிலாந்து.

பர்மிங்காம் அக்கா: அப்படியானால் அச்சம் வேண்டாம். இங்குள்ள 2007ஆம் ஆண்டுச் சட்டச் சேவைகள் சட்டம் வழக்கு நடத்துதல், நீதிமன்றத்தில் வாதாடுதல் உள்ளிட்ட ஆறு பணிகளை மட்டுமே உரிமம் பெற்றவர்களுக்கு ஒதுக்கியுள்ளது. தரவுப் பாதுகாப்பு ஆலோசனை அவற்றில் இல்லை. ஆனால் இங்கு உரிமம் பெற்ற வழக்கறிஞரைக் குறிக்கும் ‘சொலிசிட்டர்’ என்று உங்களை எங்கும் குறிப்பிடக் கூடாது, அது குற்றம். அந்தப் பட்டம் வேண்டுமென்றால் சொலிசிட்டர் தகுதித் தேர்வான எஸ்கியூஇ தேர்வின் இரு கட்டங்களையும் எழுதலாம். வெளிநாட்டு வழக்கறிஞர் என்பதால் இரண்டாண்டுப் பணி அனுபவ நிபந்தனை உங்களுக்கு இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த இரட்டைப் பதவிதான். தரவை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசகராக நீங்களே முடிவெடுத்துவிட்டு, அதை அலுவலராக நீங்களே கண்காணித்தால், பிரிட்டனின் ஜிடிபிஆரில் 38ஆம் பிரிவு தடுக்கும் நலமுரண் வந்துவிடும். ஆகவே ஆலோசகர் பணியில் முடிவெடுக்கும் அதிகாரம் எதுவரை என்பதையும், அலுவலராக நேரடியாக உயர் நிர்வாகத்திடமே அறிக்கை அளிப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. இன்றே அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.