மக்காச்சோள அடுப்பு: ஏழெட்டு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது, உள்ளே கல் மாதிரி கட்டி

குதிர் (கேள்வி)

அயோவா, ஏம்ஸுக்கு வடக்கே கிராமப்புற வீடு. கேஸ் லைன் கிடையாது, புரொப்பேன் டாங்க்தான். ஹாலில் வீட்டோடு வந்த பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிக்கும் அடுப்பு) ஒன்று இருக்கிறது. மணிக்கு 40,000 பி.டி.யு. (வெப்ப அலகு). பின்பக்கத் தகட்டில் மரப் பெல்லட், உலர்ந்த மக்காச்சோளம் இரண்டுமே போடலாம் என்று அச்சடித்திருக்கிறது. எரியும் கிண்ணத்தில் (பர்ன் பாட்) கிளறும் கம்பி கிடையாது, அடியில் துளை போட்ட சாதாரணக் கிண்ணம்தான்.

மரப் பெல்லட் ஒழுங்காக எரிகிறது. பக்கத்துப் பண்ணையில் வாங்கிய மக்காச்சோளம் போட்டால் தானாகப் பற்றுவதில்லை. பெல்லட்டைக் கொளுத்தி அதன்மேல் விட்டால் பிடிக்கிறது, ஆனால் ஏழெட்டு மணி நேரத்தில் ஜுவாலை மங்கி அணைந்துவிடுகிறது. திறந்தால் கிண்ணத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு சாம்பல் நிறக் கட்டி, அதன்மேல் பாதி கருகிய சோளக் குவியல். கண்ணாடி முழுக்கக் கரி.

சோளம் சரியில்லையா, அடுப்பா, நான் ஓட்டும் முறையா? இன்னொன்று, கணக்குப் பார்த்தால் இது கட்டுப்படியாகுமா?

கிளிஞ்சல்

அந்தக் கட்டிக்குப் பெயர் கிளிங்கர். கொல்லன் உலையில் விழும் கிட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மக்காச்சோளச் சாம்பலில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். அதனால் மரச்சாம்பல் தூளாகவே இருக்கும் சூட்டில் இது உருகிப் பாகாகிவிடும், கொஞ்சம் ஆறினதும் இறுகும். அடுப்பில் கோளாறு இல்லை, சோளத்தின் குணமே அதுதான். ஒரு புஷலில், அதாவது 56 பவுண்டில், முக்கால் பவுண்டு அளவுக்குச் சாம்பல் வரும். அத்தனையும் ஒரே கட்டியாகக் கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்தால் காற்றுத் துளைகள் அடைபடும். காற்று வராமல் சோளம் கருகும், ஆகர் (சோளத்தைத் தள்ளும் திருகு) பாட்டுக்கு மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கும், புகைச்சூடு குறைந்ததும் ஸ்டவ் தானே நின்றுவிடும். நீங்கள் பார்த்த குவியல் இப்படி வந்ததுதான். அது இறங்கு குழாய் வரை ஏற விடாதீர்கள், நெருப்பு ஹாப்பர் (சோளம் கொட்டிவைக்கும் தொட்டி) பக்கம் திரும்பிப் போகும்.

கிளறும் கம்பி உள்ள அடுப்பில் கட்டி சேரச் சேர உடைந்து வெளியே தள்ளப்படும். உங்களுடையதில் அந்த வேலை உங்கள் கைக்கு. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகவேண்டும், முழு வேகத்தில் ஓடினால் ஆறு. சோளம் விழும் வேகத்தை ஆகக் குறைவுக்குக் கொண்டுவந்து 10-15 நிமிடம் விடுங்கள். மேலே உள்ள சோளம் எரிந்து தணல் மட்டும் மிஞ்சும், கட்டியும் இறுகும். கதவைத் திறந்து, தோல் கையுறையோடு ஒரு நீளமான தட்டைக் கம்பியை கிண்ணத்தின் ஓரமாக விட்டு நெம்பினால் ரொட்டி மாதிரி முழுசாக எழும்பும். மேலே ஒட்டியிருக்கும் தணலைத் திரும்ப கிண்ணத்துக்குள்ளேயே தட்டிவிட்டு, கட்டியை இடுக்கியால் தூக்கி மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். கதவை மூடினால் அந்தத் தணலிலேயே புதுச் சோளம் பிடித்துக்கொள்ளும். இறுகும் முன் குத்தினால் ஜவ்வாக இழுக்கும், துளைகளுக்குள் இறங்கிவிடும். முழுக்க ஆறவிட்டால் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு உளி கேட்கும். இடைப்பட்ட பதம் இரண்டு மூன்று தரத்தில் கைக்குப் பழகும்.

கட்டியின் மூர்க்கத்தைக் குறைக்க, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த சிப்பி ஓட்டை ஹாப்பருக்கு ஒரு கைப்பிடி கலந்து விடுங்கள். அதன் சுண்ணாம்புச் சத்து சாம்பல் உருகும் சூட்டை உயர்த்தும், கட்டி பொருபொருவென்று வரும். அதைவிட உறுதியான வழி, பாதிக்குப் பாதி மரப் பெல்லட் கலப்பது. கிளறு கம்பி இல்லாத அடுப்புக்கு நான் சொல்வது இதைத்தான்.

தானாகப் பற்றாததில் ஆச்சரியம் இல்லை. இக்னைட்டரின் (தானாகப் பற்றவைக்கும் பாகம்) சூடு மரத்தூள் பெல்லட்டுக்குப் போதும், தோல் மூடிய முழுச் சோளமணிக்குப் போதாது. இரண்டு கைப்பிடி பெல்லட்டும் கொஞ்சம் பற்றவைக்கும் ஜெல்லும் போட்டுத்தான் தொடங்கவேண்டும்.

எலிவேட்டர் பக்கம்

கண்ணாடியில் கரி என்றால் ஈரம் அல்லது காற்றுக் குறைவு. முதல்ல சோளத்தோட ஈரம் எவ்வளவுன்னு பாருங்க. (இங்க சோளம்னா மக்காச்சோளம்தான், நம்ம ஊர் வெள்ளைச் சோளத்தை யாரும் இழுக்காதீங்க.) சந்தையில் 56 பவுண்டு புஷல் கணக்கு 15.5% ஈரத்துக்கு. விற்க அது சரி, அடுப்புக்கு ஆகாது. 15% தாண்டினா வேண்டாம், 11-13% இருந்தா அருமை. புது அறுவடையை விட, கோடையைத் தாண்டி தானியத் தொட்டியில கிடந்த போன வருஷச் சோளம் மேல், ஏன்னா அதைக் கெடாம வைக்க 13-14%க்கு உலர்த்தியிருப்பாங்க.

வீட்டிலேயே அளக்கணும்னா 100 கிராம் முழு மணியை 103 டிகிரி செல்சியஸ்ல 72 மணி நேரம் வச்சு எடை போடணும், குறைஞ்ச கிராம்தான் சதவீதம். மூணு நாள் ஓவனை ஓட விடுறதுக்குப் பதிலா ஒரு டப்பாவுல எடுத்துக்கிட்டு எலிவேட்டருக்கு (தானியம் வாங்கிச் சேமிக்கிற கிடங்கு) போங்க, மீட்டர்ல ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அடுத்தது தூசி. நம்பர் 2 மஞ்சள் தரத்துல 3% வரைக்கும் நொய்யும் குப்பையும் இருக்க அனுமதி உண்டு. புஷலுக்கு ஒண்ணே முக்கால் பவுண்டு! அதோட மணியின் நுனியில இருந்து உதிரும் சிவப்புச் சருகு வேற. இதெல்லாம் ஹாப்பர் அடியில் சேர்ந்து அடைச்சுக்கும், மேல சோளம் பாலம் மாதிரி நிக்கும், ஆகர் வெறுமனே சுத்தும். அமெரிக்க வேளாண் துறை நொய் பிரிக்க வச்சிருக்கிற சல்லடைக் கண் 12/64 அங்குலம். அந்த அளவுல துளைத்தகடு வாங்கி மரச்சட்டத்துல சரிவா அடிச்சு, மேலிருந்து ஊத்தி உருள விடுங்க. எதிரே ஒரு ஃபேன் வச்சா சருகு தானா பறக்கும். முறத்துல புடைக்கிற கதைதான், அளவுதான் பெருசு. முகமூடி போட்டுக்கங்க, அந்தத் தூசியில பூஞ்சை இருக்கும்.

விதைச் சோளம் மலிவா வந்தா தொடாதீங்க. பிங்க், பச்சை, நீலம்னு நிறம் பூசியிருந்தா பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் ஏத்தினது. எரிக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை

கட்டுப்படியாகுமா என்றால், புரொப்பேன் வீட்டுக்கு ஆகும். கேஸ் லைன் உள்ள வீட்டுக்கு ஆகாது, அவர்கள் இந்த இழையை இத்தோடு மூடிவிடலாம்.

15% ஈரத்தில் ஒரு பவுண்டு சோளம் சுமார் 7,000 பி.டி.யு., புஷலுக்கு 3,92,000. ஸ்டவ் 75% திறன் என்று வைத்தால் வீட்டுக்குள் வருவது 2,94,000. புரொப்பேன் கேலனுக்கு 91,500, நல்ல 95% ஃபர்னஸில் 87,000 கிடைக்கும். ஆக ஒரு புஷல் ஏறக்குறைய 3.4 கேலனுக்குச் சமம். புஷல் விலையை 3.4 ஆல் வகுங்கள், புரொப்பேன் விலைக்குக் கீழே வந்தால் லாபம். சோளம் 4.50 டாலர் என்றால் 1.32 வரும். புரொப்பேன் 2 டாலர் என்றால் தாராளமாக மிச்சம்.

2005-06 குளிர்காலத்தில் புஷல் 2 டாலர் அளவில் இருந்தபோதுதான் இந்த அடுப்புகள் கிடைக்காமல் அலைந்தார்கள். 2012 வறட்சியில் விலை 8 டாலரைத் தொட்டதும் பாதிப் பேர் மரப் பெல்லட்டுக்கு மாறினார்கள். இரண்டும் எரிக்கும் அடுப்பு உங்களிடம் இருப்பது அதனால் நல்லது.

முழு வேகத்தில் 10 மணி நேரத்துக்கு ஒரு புஷல் போகும். கடும் குளிரில் சராசரி நாளைக்கு ஒன்று, ஒன்றரை. சீசனுக்கு 120 புஷல் என்று வையுங்கள், அது 6,720 பவுண்டு. தூக்கிச் சுமக்கும் முதுகுக்கு யாரும் விலை போடுவதில்லை. வைக்க இடமும், எலி புகாத மூடியுள்ள தகர டிரம்களும் வேண்டும்.

புகைக்கூண்டு

குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. சோளப் புகை மரப்புகையை விட அமிலத்தன்மை கொண்டது. பழைய வீட்டில் சாதாரண கால்வனைஸ்டு குழாய் இருந்தால் உள்சுவர் அரித்திருக்கும். இணைப்புகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மாற்றுவதானால் சோளத்துக்கு என்று மதிப்பிடப்பட்ட, ஏஎல் 29-4சி என்ற அரிப்பு தாங்கும் எஃகு உள்சுவர் கொண்ட பெல்லட் வென்ட் குழாய் கேளுங்கள்.

குழாயின் விட்டத்துக்குக் கணக்கு: 90 டிகிரி முழங்கை, டீ (T வடிவ இணைப்பு) ஒவ்வொன்றும் 5 அடி, படுக்கைக் குழாய் அடிக்கு 1, செங்குத்து அடிக்கு அரை. ஒரு டீ, ஒரு முழங்கை, 2 அடி படுக்கை, 12 அடி செங்குத்து என்றால் 5+5+2+6, மொத்தம் 18. 15ஐத் தாண்டினால் 3 அங்குலம் போதாது, 4 அங்குலம் போடவேண்டும்.

காற்றுக் குறைவுக்கு இன்னொரு காரணம் கதவு கேஸ்கெட் (கதவோரத்தில் காற்றை அடைக்கும் கயிறு). ஆறிய அடுப்பில் ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் போய்விட்டது. ஜுவாலை சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில், நுனியில் கரியோடு ஆடினால் டேம்பரை (காற்று வரும் அளவை மாற்றும் தகடு) கொஞ்சம் திறங்கள். வெளிர்மஞ்சளாகத் துடிப்போடு இருக்கவேண்டும்.

கரண்ட் போனால் புகையிழுக்கும் ஃபேன் நின்று புகை அறைக்குள் வரும். ப்யூர் சைன்வேவ் யுபிஎஸ் ஒன்று, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. இரண்டாவது இல்லாமல் இரவில் ஓட்டாதீர்கள்.

குதிர்

எலிவேட்டரில் காட்டினேன், 15.8%. கேஸ்கெட் கீழ் மூலையில் நோட்டு உருவிக்கொண்டு வந்தது, புதுக் கயிறு ஆர்டர் போட்டாச்சு. குழாய் 4 அங்குலம், உள்சுவர் சுத்தமாக இருக்கிறது. ஆனால் 20 புஷல் ஏற்கெனவே வாங்கி பேஸ்மென்ட்டில் கொட்டியிருக்கிறேன். அதை என்ன செய்வது?

எலிவேட்டர் பக்கம்

குவியலா வைக்காதீங்க, நடுவுல சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். ஹீட்டர் ஓடுற வீட்டுக் காத்து குளிர்காலத்துல எலும்பா காஞ்சிருக்கும், அதையே பயன்படுத்திக்கங்க. தார்ப்பாயில ரெண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, ஃபேன் போட்டு, காலையிலயும் ராத்திரியும் கிளறி விடுங்க. அளவு பார்க்க ஒரு தட்டுல சரியா 50 பவுண்டு எடுத்துத் தனியா பரப்புங்க. அது 48.4க்கு வந்தா ஈரம் 13%. பக்கத்துல கிடக்கிறதும் ஏறக்குறைய அங்கதான் நிக்கும்.

கிளிஞ்சல்

அதுவரை பாதிக்குப் பாதி பெல்லட்டில் ஓட்டுங்கள். வசந்தத்தில் நிறுத்தும்போது கடைசி மூட்டை முழுக்க மரப் பெல்லட்டாக இருக்கட்டும், ஆகரில் ஒரு சோளமணிகூடத் தங்கக்கூடாது. சோளச்சாம்பல் கோடை ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கிண்ணம், வெப்பமாற்றி, புகைப்பாதை மூன்றையும் அன்றைக்கே சுரண்டித் துடைத்துவிடுங்கள்.