வீட்டிலேயே லோயரிங் ஸ்பிரிங் மாட்டியவர்களின் அனுபவம்

கோயம்புத்தூர், போலோ டீசல்

லோயரிங் ஸ்பிரிங், அதாவது குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படும் தம்பிகள் நிறையப் பேர், வீட்டிலேயே மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். என் போலோவில் செய்ததை வைத்துச் சொல்கிறேன். பின்பக்கத்தை யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் செய்யலாம். முன்பக்கம் உயிரோடு விளையாடும் வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்து இறங்கிவிடாதீங்க.

பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம். ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைக்கணும். பீமுக்கு அடியில் ட்ராலி ஜாக்கை முட்டுக் கொடுத்துவிட்டு, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியே வேண்டாம். பீம் இறங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று மட்டும் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பழைய ஸ்பிரிங்கின் ரப்பர் சீட்டு நல்லா இருந்தால் அதையே புதுசுக்கு மாற்றிக்கலாம். ஸ்பிரிங்கின் நுனி அந்த சீட்டில் இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்காரணும். ஸ்பிரிங்கில் அச்சடித்த எழுத்து நேராகப் படிக்கும்படி இருந்தால் மேல், கீழ் சரி என்று பொதுவாக எடுத்துக்கலாம்.

முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். ஸ்பிரிங்கை அமுக்கி ஸ்ட்ரட்டோடு பூட்டி வைத்திருப்பார்கள். டீசல் போலோவில் ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 300 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. கழற்றி வெளியே எடுத்த ஸ்ட்ரட்டிலும் அது அமுங்கியேதான் இருக்கும். அதைக் கம்ப்ரஸரால் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால், ஒரே நொடியில் மேல் மவுண்ட்டைத் தூக்கி எறியும். எதிரே முகம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் ஸ்ட்ரட்டைக் கழற்றுவதை மட்டும் வீட்டில் செய்தேன். கழற்ற வேண்டியவை: வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடு நட்டு, ஹோஸ் பிராக்கெட், சக்கரம் மாட்டும் ஹப்பில் ஸ்ட்ரட்டைக் கவ்வியிருக்கும் ஒற்றைப் போல்ட்டு. இந்தக் கவ்வி லேசில் விடாது. கவ்வியின் பிளவுக்குள் அதை விரிக்கும் ஸ்ப்ரெடர் பிட்டை விட்டு 90 டிகிரி திருப்பினால்தான் இடம் கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரை அடித்துச் செருகி நெம்பாதீங்க. ஸ்ட்ரட் வெளியே வந்ததும் ஹப்பைக் கம்பி போட்டுக் கட்டி வைக்கணும், இல்லாவிட்டால் அதன் எடை முழுக்க பிரேக் ஹோஸிலும் ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டிலும் விழும்.

கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கி, அது சீட்டில் தளர்வாக ஆடுகிறதா என்று கையால் பார்த்த பிறகுதான் மேல் நட்டில் ஸ்பேனர் வைத்தார் அந்த அண்ணன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கொக்கிக் கம்ப்ரஸரை நம்பி இந்த வேலையைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் கொக்கிகளை நேர் எதிர் எதிராகப் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கையால் மட்டும் இறுக்குங்க. வேகமாக அடித்து இறுக்கும் இம்பாக்ட் கன் கூடவே கூடாது.

எவ்வளவு தாழ்த்தலாம்? வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மில்லிமீட்டர். 30 குறைத்தால் 135. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப் போட்டிருந்தால் தாராளமாக ஏறி இறங்கலாம். நம்ம ஊர்த் தெருவில் ஒரே இரவில் முளைக்கும் குறுகலான மேடுகள் எந்த அளவுக்கும் கட்டுப்படாது. நாலு பேரும் லக்கேஜுமாகப் போகும்போது வண்டி இன்னும் தாழும். 30க்கு மேல் குறைக்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. ஸ்பிரிங் வாங்கும் முன்பே ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்க.

---

மதுரை, மெக்கானிக்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். எங்க பட்டறைக்கு வர்ற பசங்கள்ல பாதிப்பேர், "புது ஸ்பிரிங் எதுக்குண்ணே, இருக்குறதுல ஒரு சுத்து வெட்டிவிடுங்க"ன்னு கேக்குறாங்க. நான் கிரைண்டரைத் தொட மாட்டேன்.

வெட்டுனா வண்டி தாழும், உண்மைதான். சுத்து குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும், அதுவும் உண்மை. ஆனா சீட்டுல படிஞ்சு உக்கார்றதுக்குன்னு கம்பெனியில வளைச்சு விட்ட நுனி போயிடுது. வெட்டுன முனை சீட்டை ஒரே இடத்துல அழுத்தும். பெரிய பள்ளத்துல சக்கரம் தொங்குனா குட்டையான ஸ்பிரிங் சீட்டை விட்டே விலகும். திரும்ப வந்து கோணலா உக்காந்தா டயர்ல உரசும். சிலர் கேஸ் வச்சு சூடு காட்டி இறக்குறாங்க. அது அதைவிட மோசம். ஸ்பிரிங் ஸ்டீலுக்குக் கொடுத்த பதமே போயிடும், அப்புறம் எப்ப உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது.

லோயரிங் ஸ்பிரிங்னு தனியா செஞ்சு விக்கிறவங்க உயரத்தைக் குறைக்கிறதோட விறைப்பையும் கணக்குப் பண்ணிக் கூட்டியிருப்பாங்க. நுனியும் சரியா இருக்கும். காசு இல்லைன்னா சேரட்டும், அப்புறம் மாத்திக்கலாம். வெட்ட வேணாம் தம்பிகளா.

பழைய ஷாக் ஆயில் கசிஞ்சிருந்தா அதையும் சேத்தே மாத்திருங்க. விறைப்பான ஸ்பிரிங்கைத் தேஞ்ச ஷாக்கால அடக்க முடியாது, வண்டி குதிச்சுக்கிட்டே போகும்.

---

லண்டன், ஃபியஸ்டா

இங்க எங்களுக்கு வேற பிரச்சினை, துரு. குளிர்காலத்தில ரோட்டில உப்புக் கொட்டுறபடியால் கீழ் போல்ட்டுகள் ஒண்டும் அசையாது. முதல் நாளே கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கிற எண்ணெய் அடிச்சு ஒரு இரவு விட்டுத்தான் நானும் மச்சானும் தொடங்கினனாங்கள். லிங்க் ராடு நட்டு சுத்திக்கொண்டே நிண்டது, கடைசியில வெட்டித்தான் எடுத்தம். புது லிங்க் ராடு ரெண்டை முன்கூட்டியே வாங்கி வைச்சிருந்தது நல்லதாப் போச்சு.

இன்ஷூரன்ஸுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. சொல்லாமல் விட்டால் விபத்து நடந்தாப் பிறகு கிளெய்மை மறுக்க அவங்களுக்கு வழி கிடைச்சிடும். இங்க வருஷா வருஷம் வண்டிக்குச் செய்யிற எம்ஓடி தகுதிச் சோதனையில உடைஞ்ச ஸ்பிரிங்கை விடமாட்டினம்.

அண்ணை, ஒரு கேள்வி. மாட்டினாப் பிறகு பின்பக்கம் சின்னச் சின்ன மேட்டிலயும் விறைச்ச மாதிரி இருக்கு. ஷாக்கின்ர கீழ் போல்ட்டை வண்டி ஜாக்கில நிக்கேக்கையே முழுசா இறுக்கினம். அதாலயோ?

---

கோயம்புத்தூர், போலோ டீசல்

அதுவாகத்தான் இருக்கும் தம்பி, முதல்ல அதைப் பாருங்க. அந்தப் போல்ட்டு ஒரு ரப்பர் புஷ்ஷின் நடுவே போகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓட்டமும் விறைக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் நாலும் தரையில் நிற்க, வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டுட்டு மேனுவலில் சொன்ன டார்க்கில், அதாவது இறுக்க வேண்டிய முறுக்கு அளவில், இறுக்குங்க.

அப்படியும் விறைப்பு இருந்தால் பம்ப் ஸ்டாப்பை, அதாவது ஷாக் முழுக்க அமுங்கும்போது முட்டித் தடுக்கும் மெத்தைக் கட்டையைப் பாருங்க. வண்டி தாழ்ந்த அளவுக்கு அதற்கும் ஷாக்குக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருக்கும். எவ்வளவு வெட்டணும் என்று ஸ்பிரிங்கோடு வந்த தாளில் போட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டலாம். போடவில்லை என்றால் தொடாதீங்க. வீல் அலைன்மென்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை பார்த்துவிடுங்க, ஹெட்லைட் உயரத்தையும் அப்போதே சரி செய்துக்கலாம்.