மூன்றே நாளில் உரியும் ஜெல் நகப்பூச்சு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான், தங்கையின் நிச்சயதார்த்தத்திற்காக வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய மயில்கழுத்து நிறப் பட்டுப்பாவாடைக்குப் பொருத்தமாக, அவளுக்கு வீட்டிலேயே, விளக்கொளியில் இறுகும் ஜெல் நகப்பூச்சு இட விரும்புகிறேன். நகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேஸ் கோட் எனும் அடிப்பூச்சை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் எல்இடி விளக்கில் 60 நொடி வைத்தும், என் கையில் ஒத்திகை பார்த்தபோது மூன்றாம் நாளே வலது கட்டைவிரல் ஓரத்தில் பூச்சு வெங்காயத்தோல்போலத் தூக்கிக்கொண்டது. விளக்கினுள் கட்டைவிரல் சாய்ந்திருப்பதால் ஒளி சரியாகப் படவில்லையோ என்று எண்ணுகிறேன். அதைத் தனியாக வைக்க வேண்டுமா, நகத்தின் நுனி விளிம்பையும் பூசி மூட வேண்டுமா? இறுகாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், தங்கையின் கையில் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து வழிகாட்டுங்கள். எம்.சி. ரோட்டில் அதே நிறத் தாவணி மலிவாகக் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.